தசரதன் வாங்கிய கம்ப்யூட்டர்

செம்பாக்கம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்தக் கறுப்புப் பெட்டி கீழே வந்தது. பார்த்தால் வீடியோ டெக் போல இருக்கும். "பழைய சிடி பிளேயர், யாருக்காவது வேணுமா?" என்று கீதா அலுவலக வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டாள். பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிச் சேர்க்கும் ஷெர்வின் அன்று மதியமே கேளம்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்துவிட்டான்.

"மேடம், இது சிடி பிளேயர் இல்ல. கம்ப்யூட்டர்."

கீதாவின் அப்பா தசரதன் சிரித்தார். "வித்த கடக்காரனும் இதேதான் சொன்னான், தம்பி."

ஷெர்வின் பெட்டியை டிவியோடு இணைத்தான். கையோடு கொண்டுவந்த கீபோர்டைப் பின்பக்கம் செருகி, பெட்டியோடு கிடந்த வட்டைப் போட்டான். கலைக்களஞ்சியம் ஒன்று திறந்தது. யானை என்று ஆங்கிலத்தில் தட்டினான். திரையில் யானை வந்து பிளிறியது.

தசரதன் எழுந்து நின்றுவிட்டார். "மெய்யாலுமே கம்ப்யூட்டரா?"

"ஆமா அங்கிள். வீட்டு டிவியில மாட்டுறதுக்குன்னே செஞ்சது. கீபோர்டு மட்டும் தனியா வாங்கணும்."

அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கீதா கேட்டபோதுதான் சொன்னார். தொண்ணூற்று மூன்றில் மேற்குத் தாம்பரத்தில் பத்ரிநாராயணன் என்பவரிடம் அதை வாங்கியிருக்கிறார். பார்க்க வந்தவர்களெல்லாம், கீபோர்டு இல்லாமல் இதென்ன கம்ப்யூட்டர், பாட்டுப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று சிரித்தார்கள். கீதாவுக்கு அதுவரை தெரியும். மிச்சம் தெரியாது.

"நேரா கடைக்குப் போயி, ரோட்ல வச்சி அவன அட்சிட்டேன்மா. நாலு பேரு முன்னாடி. அடுத்த மாசமே கடைய மூடிட்டான். அவன் பொய்யே சொல்லலியே!"

கடையிருந்த தெருவில் விசாரித்ததில், பத்ரிநாராயணன் ஊரப்பாக்கத்தில் இருப்பது தெரிந்தது. சனிக்கிழமை அப்பாவும் மகளும் ரயிலேறிப் போனார்கள். கதவைத் திறந்த கிழவருக்கு தசரதனைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. ஓரடி பின்னால் போனார்.

"மன்னிப்பு கேட்டுக்க வந்தேன், சார். அது கம்ப்யூட்டர்தான். கண்ணால பாத்துட்டேன்."

பத்ரிநாராயணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "கம்ப்யூட்டரா? நிஜமாவா?"

"இன்னா சார், நீங்கதானே சொல்லி வித்தீங்க?"

"சொன்னேன். எனக்குக் கொடுத்தவன் அப்படிச் சொன்னான். நான் நம்பலை. பாட்டுதான் வந்தது, அதான். யாராவது ஏமாளி வந்தா தள்ளிடலாம்னு வெச்சிருந்தேன். நிலம் வித்த பணத்தோட நீங்க வந்தேள்." குரல் தணிந்தது. "நீங்க அடிச்சது நியாயம்னுதான் இத்தனை வருஷம் நினைச்சிண்டிருக்கேன்."

தசரதன் கும்பிடத் தூக்கிய கை பாதியில் நின்றது.

திரும்பும் வண்டியில் வண்டலூர் தாண்டியதும் தசரதன் கேட்டார். "அவன் என்ன ஏமாத்தணும்னுதான் நெனச்சான். ஆனா ஏமாத்தல. அப்போ நான் அட்சது தப்பா, ரைட்டா?"

"தெரியலப்பா."

"எனக்கும் பிரியல."

அடுத்த ஞாயிறு பத்ரிநாராயணன் சொல்லாமல் கொள்ளாமல் செம்பாக்கம் வந்தார். "ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்" என்றார். ஷெர்வின் விட்டுப்போயிருந்த கீபோர்டில் ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, புலியை வரவழைத்தார். அது உறுமியதும் தன் கன்னத்தை மெல்லத் தடவிக்கொண்டார்.

கீதா அப்பாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "அவருக்குக் காபி போடவாப்பா?"

தசரதன் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"போடு" என்றார்.