வடக்குக் கோலுக்கு முன்னால் தண்ணீர்

மழை பதினொரு மணிக்கு நின்றது. பதினொன்றேகாலுக்கு மண்ணுக்காரி மேல்மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கைகொட்டிச் சிரித்தாள். விடிந்ததிலிருந்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியிருந்தது. ஆனால் அவள் காலடியில் கையளவு தண்ணீர்கூடத் தேங்கவில்லை. செருப்பில் சேறு ஒட்டவில்லை. புல் மட்டும் தலைக்குக் குளித்துவிட்டு வந்ததுபோல் பளிச்சென்று இருந்தது.

அவளுக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷ வேலை. பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் முழிப்பார்கள். மண்ணுக்காரி என்றால் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பட்டத்தில் அவளுக்கு வருத்தம் கிடையாது, பெருமைதான்.

அந்த ஊரில் ஆறு தன் கரையைப் படிக்கட்டு மாதிரி விட்டுவைத்திருந்தது. முதல் படி ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம். பெரிய மைதானம், பார்வையாளர் இருக்கை, கொடிக்கம்பம் எல்லாம் அங்கேதான். அதற்கு மேல் மூன்று ஆள் உயரத்தில் இரண்டாம் படி. எப்போதோ ஒரு காலத்தில் ஆறு அந்த உயரத்தில் ஓடி, மணலைக் கொண்டுவந்து கொட்டிக் குவித்துவிட்டு, பிறகு பள்ளம் பறித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. மணல் மேலேயே தங்கிவிட்டது. பெண்கள் கால்பந்து அணி பயிற்சி செய்யும் மேல்மைதானம் அந்த மணலின்மேல்தான் இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் அதன் ஓரத்தில் மண்ணுக்காரி குழி வெட்டிப் பார்த்திருக்கிறாள். ஒன்பது அடி வரைக்கும் கல் இல்லை, கெட்டித் தட்டு இல்லை. தண்ணீர் தேங்கி நிற்கும் மண்ணில் தெரிகிற சாம்பல் நிறமும் துருப்புள்ளியும் பேருக்குக்கூட இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு மஞ்சள். எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு இன்னும் கொடு என்று கேட்கிற மண்.

இன்று அந்த மண்ணை நம்பித்தான் எல்லாம் இருந்தது. கோப்பை இறுதி ஆட்டம். கீழே பெரிய மைதானத்தில் முழங்கால் தண்ணீர். ஆட்டத்தை மேலே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இரண்டரை மணிக்குள் நடுவர் தரையைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புள்ளிக் கணக்கில் முன்னால் நிற்கும் வெளியூர் அணி ஆடாமலே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மண்ணுக்காரிக்குக் கோப்பைகூடப் பெரிதில்லை. அவள் மகள்தான் ஊர் அணியின் கோல்கீப்பர். எட்டு வயதில் கையுறை மாட்டிய பெண். திங்கட்கிழமை படிப்புக்காகத் தொலைதூரம் கிளம்புகிறாள்; இந்த அணிக்கு அவள் ஆடப்போகும் கடைசி ஆட்டம் இது.

"அண்ணி, சிரிச்சது போதும், இங்க வந்து பாருங்க!" என்று வடக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கொழுந்தன்தான். ஊர் டிராக்டர் எல்லாம் அவன் கையில். அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

போய்ப் பார்த்தாள். அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வடக்குக் கோலுக்கு முன்னால் ஒரு குளம்! கணுக்கால் ஆழம், ஒரு பேருந்தை நிறுத்தும் அளவுக்கு இடம். அதில் கோல்கம்பத்தின் நிழல் வேறு அழகாக ஆடியது.

குளத்தின் கரையில் அவள் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மைதானத்தைப் பராமரிக்கிறவர் அவர்தான். கணவன்மார் ஆசை ஆசையாகச் செய்கிற வேலைகளில் பாதி, மனைவி ஊரில் இல்லாதபோதுதான் நடக்கிறது. போன வருஷம் மண்ணுக்காரி இரண்டு மாதம் வெளியூர் வேலைக்குப் போயிருந்தாள். மணலில் விழுந்து விழுந்து மகளின் முழங்கால் தேய்கிறதே, மூன்று நாள் தண்ணீர் விடாவிட்டால் புல் மஞ்சளாகிவிடுகிறதே என்று, மனுஷன் ஏரிக் களிமண்ணைக் கொண்டுவந்து வடக்குக் கோல் முன்னால் கால் பட்டுப் பள்ளமாகிப்போன இடத்தில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, உருளை போட்டு அழுத்தி, புல் பதித்திருந்தார். திரும்பி வந்தவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: வேண்டாத வேலை. எட்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. புல்லும் கம்பளம் மாதிரி வளர்ந்து அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. மண்ணுக்காரியும் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது சொல்லிக்காட்ட நேரமில்லை. அணிப் பெண்கள் வாளியும் குவளையுமாக இறங்கி இறைத்தார்கள். இறைத்த தண்ணீரில் பாதி சரிந்து மறுபடி பள்ளத்துக்கே வந்தது. கால் பட்ட இடமெல்லாம் குழம்பாகிவிட்டது. மணி பன்னிரண்டரை.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். "மேல இறைச்சா பொழுதுதான் போகும். கீழ ஒன்பதடி மணல் வாயைத் திறந்துகிட்டுக் கெடக்கு. நாமதான் மூடி போட்டு வெச்சிருக்கோம். மூடியில ஓட்டை போடணும்."

கணவர் நிமிர்ந்தார். "ஓட்டையா? இந்தத் தரையிலயா?"

"ஒண்ணு ரெண்டு இல்லீங்க. முப்பது நாப்பது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் ஸ்கூட்டரிலிருந்து கையால் திருகும் மண் துளைப்பானை எடுத்துவந்து, தண்ணீருக்குள் நின்றபடியே திருகினாள். நாலு விரல் களிமண் பிசுபிசுவென்று வந்தது. அப்புறம் சரக்கென்று மணல். துளைப்பானை உருவியதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. பெண்கள் ஓவென்று கத்தினார்கள். மண்ணுக்காரியும் கத்தினாள்.

கத்தி முடிக்கவில்லை, சுழி நின்றுவிட்டது.

அவள் குனிந்து துளைக்குள் விரலை விட்டாள். வழுவழுவென்று இருந்தது. காலால் கலக்கிய சேறு தண்ணீரோடு இறங்கி மணலின் வாயைப் பூசி அடைத்துவிட்டது. பதினாறு வருஷம் மண்ணோடு குப்பை கொட்டியவள், கலங்கின தண்ணீரில் துளை போட்டதை நினைத்து அவளுக்கே அவள்மேல் கோபம் வந்தது.

"சேறு உள்ள போகாம துளை போடணும். போட்ட உடனே சுத்தமான மணலை ரொப்பணும். அப்பத்தான் வடிகட்டி இறங்கும்."

"மணலுக்கு எங்க அண்ணி போறது இந்நேரம்?" என்றான் கொழுந்தன்.

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். பிறகு அவன் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பார்த்தார்கள். அவனும் குனிந்து பார்த்துவிட்டு, "சரி சரி, தெரியாமக் கேட்டுட்டேன்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

சேறு போகாமல் எப்படித் துளை போடுவது? அதற்குத்தான் அவளுக்கு வழி தெரியவில்லை. கணவர் எழுந்து கொட்டகைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தாள். நாலு காலிப் பெயின்ட் டப்பாக்களோடு திரும்பி வந்தார். அடிப்பாகத்தை வெட்டி எடுத்திருந்தார். ஒன்றைத் தண்ணீரில் செங்குத்தாக வைத்து, ஏறி நின்று களிமண்ணுக்குள் அழுத்தினார். உள்ளே இருந்த தண்ணீரைக் குவளையால் மொண்டு வெளியே ஊற்றினார்.

"இப்பப் போடு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே.

போட்டாள். மணலை நிரப்பினார்கள். டப்பாவை உருவினார்கள். தண்ணீர் மணல் மேட்டைச் சுற்றி வந்து, சத்தமில்லாமல் உள்ளே போக ஆரம்பித்தது. நிற்கவே இல்லை!

அதற்குப் பிறகு யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. ஒருத்தி அழுத்த, ஒருத்தி மொள்ள, ஒருத்தி திருக, ஒருத்தி மணல் போட. ஏழாவது துளை போடும்போது மேலே சாலையில் பேருந்து வந்து நின்றது. வெளியூர் அணி. அவர்களுடைய பயிற்சியாளர் இறங்கி, குளத்தைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, திருப்தியாகக் கைகட்டிக்கொண்டு நின்றார். சும்மா நின்றாலே கோப்பை கிடைக்கும்போது அந்த மனுஷன் என்ன செய்வார், பாவம்.

ஆனால் அவருடைய பெண்கள் நிற்கவில்லை. முதலில் அவர்களுடைய கோல்கீப்பர் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

"எங்க, எங்கிட்ட ஒரு டப்பா குடுங்க. ஆடாம ஜெயிச்சுட்டு வந்தோம்னு வீட்டுல போய்ச் சொல்ல முடியுமா?"

அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். மண்ணுக்காரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிற நேரமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டு இன்னொரு துளையைத் திருகினாள். இரண்டு மணிக்கு நாற்பத்து மூன்று துளை. குளம் போன இடம் தெரியவில்லை.

நடுவர் இரண்டேகாலுக்கு வந்தார். கொடிக்கம்பத்துக்குச் சட்டை போட்டதுபோல் ஒரு ஆள், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் முறை எல்லாருக்கும் தெரியும்: தோள் உயரத்திலிருந்து பந்தை விடுவார், முழங்கால்வரை எழும்ப வேண்டும். தெற்குக் கோலில் எழும்பியது. நடுவில் எழும்பியது. இரண்டு ஓரத்திலும் எழும்பியது. வடக்குக் கோலுக்கு முன்னால் விட்டார். பந்து சப்பென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

தண்ணீர் போய்விட்டது, ஈரத்தைக் களிமண் விடவில்லை. பிசைந்த மாவுபோல் தொளதொளவென்று கிடந்தது. வெயிலில் காய இரண்டு நாளாவது ஆகும்.

"பதிமூணு நிமிஷம் இருக்கு" என்றார் நடுவர். "நான் இங்கயேதான் நிக்கிறேன்."

மகள் கையுறையை மாட்டியபடி அம்மாவைப் பார்த்தாள். மண்ணுக்காரிக்கு என்ன செய்ய வேண்டுமென்று தெரிந்திருந்தது. மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கோடை முழுக்க அந்தப் புல்லுக்கு விடிவதற்கு முன்னால் எழுந்து தண்ணீர் விட்ட ஆள் எதிரே நிற்கிறார். ஊரே பார்க்கிறது. எப்படிச் சொல்வது?

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணவர் தம்பியின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, ஓங்கிப் போட்டார். புல்லோடு ஒரு பாளம் பெயர்ந்து வந்தது. அடியில் மஞ்சள் மணல்.

"என்ன வேடிக்கை பாக்கறீங்க எல்லாரும்?" என்று அதட்டினார். "வழிச்சு எடுங்க! ஒரு துளி களிமண் இருக்கக் கூடாது!"

மண்வெட்டி, தட்டு, பலகை, வெறுங்கை. இரண்டு அணிப் பெண்களும் எது யார் சட்டை என்று தெரியாதபடி சேற்றில் புரண்டார்கள். கொழுந்தன் பாளம் பாளமாக அள்ளி ஓரத்தில் எறிந்தான். கடைசியில் மண்ணுக்காரி எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "மிதிங்க, நல்லா மிதிங்க, ஈர மணலு, மிதிச்சாத்தான் கெட்டிப்படும்" என்று தானும் குதித்தாள். நாற்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு குதி.

"நேரம் ஆச்சு" என்றார் நடுவர்.

எல்லாரும் விலகினார்கள். அவர் கோலுக்கு முன்னால் போய் நின்று பந்தைத் தோளுக்கு உயர்த்தினார். மண்ணுக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, தன் மண்ணைத் தானே பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது என்று திறந்துகொண்டாள்.

பந்து விழுந்தது. எழுந்தது. முழங்காலைத் தாண்டியது!

முதலில் கூவியது வெளியூர்ப் பெண்கள்தான். அப்புறம் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. மண்ணுக்காரி கத்திய கத்தலில் அவளுக்கே காது அடைத்தது. சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கணவர் மட்டும் ஓரத்தில் குவிந்திருந்த புல் பாளங்களுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு பாளத்தை மடியில் வைத்திருந்தார். அவள் சிரிப்பு அடங்கிப் பக்கத்தில் போனாள்.

"அப்பா!" என்று கோலுக்குள்ளிருந்து மகள் அலறினாள். "கோடு எங்கப்பா? கோல் கோட்டையும் சேத்து வழிச்சு எடுத்துட்டீங்க! கோடு போடாம எப்படி ஆடறது?"

அவர் துள்ளி எழுந்தார். மடியில் இருந்த பாளம் எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. சுண்ணாம்பு மூட்டையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தில் நடுவர்கூட வழிவிட்டு ஒதுங்கினார்.

"ஏய், அந்தக் கம்பத்துக்கிட்ட போய்க் கயித்தப் புடி" என்றார் மனைவியிடம். "இழுத்துப் புடி. கோணிச்சுன்னா உன்னைத்தான் சொல்லுவேன்."

அவள் ஓடிப்போய் மணலில் மண்டியிட்டு, கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.