நீலத் தாள்

தி.நகரில் வடிவேலுவின் ஜவுளிக்கடையைத் தெரியாதவர் குறைவு. தெற்கே அவர் ஊரில் தெரிந்ததெல்லாம் அவர் சாமியாடி என்பதுதான். வருடா வருடம் கோயில் கொடைவிழாவில் குலசாமி மாடன் இறங்குவது அவர் மேல். அப்பாவுக்குப் பின் முப்பது வருடமாக அந்த உரிமை அவருடையது. அவர் வாயிலிருந்து வரும் குறிக்காகச் சொந்தபந்தம் காத்துக் கிடக்கும். மகன் ஜவஹருக்கு இசக்கியம்மாளைக் கட்டிவைத்ததும் அப்படியொரு குறிதான். அதைக் கேட்டுத்தான் அந்தப் பெண் தூத்துக்குடியில் கிடைத்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

சாமி அவர் மேல் ஒருநாளும் இறங்கியதில்லை. முதல் வருடம் மேளம் உச்சத்துக்குப் போனது, பெண்கள் குலவையிட்டார்கள், அவருக்கு ஒன்றும் வரவில்லை. குடும்ப மானத்துக்காக ஆடினார். சாமி என்று ஒன்று கிடையாது என்று முடிவுக்கு வர அதற்குப்பின் அதிக நாள் ஆகவில்லை. ஆனால் அதைச் சொன்னால் கொடுத்த வாக்கெல்லாம் என்னாவது? அதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள் எங்கே போய் நிற்பார்கள்? ஒருவரிடமும் அவர் வாய் திறந்ததில்லை.

பேத்தி சிந்து தரமணியில் உளவியல் ஆராய்ச்சி செய்கிறாள். சாமி நம்பிக்கை உள்ளவர்கள், இல்லாதவர்கள், இவர்களில் யாருக்கு என்ன சுபாவம், யாருக்கு நிம்மதி அதிகம் என்பது அவள் தலைப்பு. உள்ளவர்களுக்கு மஞ்சள் தாள், இல்லாதவர்களுக்கு நீலம். பெயர் எழுத வேண்டாம். உறையில் ஒட்டித் தந்தால் போதும்.

“எழுபது தாண்டின நாத்திகர் ஒருத்தர்கூட சிக்க மாட்டேங்கறாங்க தாத்தா,” என்று புலம்பிக்கொண்டே அவரிடம் மஞ்சளை நீட்டினாள். “உங்களைக் கேக்கவே வேண்டாம்.”

அவள் அந்தப் பக்கம் போனதும், மேஜைமேல் இருந்த தாள்கட்டிலிருந்து ஒரு நீலத் தாளை உருவிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்தினார். அறுபது கேள்விகள். அறுபதுக்கும் உண்மையை எழுதினார். முடித்தபோது சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டதுபோல் இருந்தது. கடை ஊழியர்கள் கொடுத்த உறைகளின் நடுவில் தன் உறையையும் செருகினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் இட்லி சாப்பிடும்போது சிந்து உறைகளைப் பிரித்தாள்.

“அம்மா, இங்க பாரேன்! நாத்திகர் ஒருத்தர் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிச்சிருக்கார்!”

இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். “இது மாமா சுழியில்ல? இப்படி வாலை இழுத்து வேற யார் போடுவா?”

ஜவஹருக்குச் சிரிப்பில் புரையேறியது. “சாமியாடிக்கே நாத்திகப் பட்டமாப்பா? மாடனுக்குத் தெரிஞ்சா வெட்டிப்புடும்!”

ஐம்பது வருடமாகச் சுழியில்லாமல் அவர் கை எந்தத் தாளையும் தொட்டதில்லை. கை தானாகப் போட்டிருக்கிறது.

“கண்ணாடி போடல. தாள் மாறிப்போச்சு,” என்றார்.

சிந்து சிரிக்கவில்லை. அவள் கண் தாளின் கீழே ஓடிக்கொண்டிருந்தது. “பதிலுமா மாறிப்போச்சு தாத்தா? ‘உள்ளே ஒருவன், வெளியே ஒருவன்’னு ஒரு கேள்வி. ‘எப்போதும்’னு டிக் பண்ணியிருக்கீங்க.”

சிரிப்பு அடங்கியது. சட்னிக் கரண்டியைப் பிடித்தபடி இசக்கியம்மாள் அவரையே பார்த்தாள்.

வடிவேலு முதுகை நிமிர்த்தினார். “கிறுக்கு மாதிரி கேக்காதே. மஞ்சளை எடு. வாசி, சொல்றேன். அதைக் கிழிச்சுப் போடு.”

“சுழி போட்ட தாளைக் கிழிக்கறதாவது!” ஜவஹர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நீலத் தாளை வாங்கி, படிக்காமலே நான்காய் மடித்து, கண்ணில் ஒற்றி, பூஜையறைப் படத்தின் பின்னால் செருகிவிட்டு வந்தான்.

சிந்து தாத்தாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தாள். “‘மனம் அமைதியாக இருக்கிறது.’”

“எப்போதும்.”

இசக்கியம்மாள் மூச்சு விட்டாள். அவர் தட்டில் இன்னும் இரண்டு இட்லி விழுந்தது.

“‘என் விருப்பப்படி வாழ்கிறேன்.’”

“எப்போதும்னு போடும்மா,” என்றார் வடிவேலு. “இன்னும் எத்தனை இருக்கு?”

“ஐம்பத்தெட்டு, தாத்தா.”