மகாராணிக்குப் பத்தாம் மாதம்

பாலம் கட்டும் இன்ஜினியராக முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற என் கணவர், மறு வாரமே, இனிமேல் உயர்ரகக் குதிரை வளர்த்துக் குட்டி எடுத்து விற்கப்போவதாக அறிவித்தார். அதுவரை அவர் ஒரு பூனைக்குக்கூடப் பால் ஊற்றியதில்லை. முதலில் ஏழு புத்தகங்கள் வந்தன. பிறகு கார் ஷெட் லாயமாயிற்று. கடைசியாக ஒரு லாரியிலிருந்து பழுப்பு நிறப் பெண்குதிரை ஒன்று இறங்கி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் ரோஜாச் செடியைத் தின்றது. மகாராணி என்று நான்தான் பெயர் வைத்தேன்.

மகாராணிக்கு மாப்பிள்ளை பார்க்கும் படலம் ஆரம்பமானது. சாப்பாட்டு மேசை முழுக்கப் பொலிகுதிரைகளின் படங்கள். ஒவ்வொருவருக்கும் தாத்தா யார், கொள்ளுத்தாத்தா எந்தப் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தார் என்று விசாரணை. எங்கள் பெண்ணுக்கு வரன் பார்த்தபோது, "நீயே பார்த்துச் சொல்லு" என்று பேப்பரை விரித்துக்கொண்டவர் இவர்தான். கடைசியில் நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பன் ஒருவன் தேறினான். அடுத்த வருஷம் முகூர்த்தம்.

ஒரே ஒரு குறை, மகாராணி குண்டு. குண்டுக் குதிரைக்குச் சினை பிடிப்பது கஷ்டம் என்று மூன்றாம் புத்தகம் சொன்னது. உடனே தானியம் நின்றது, புல் பாதியானது, காலையும் மாலையும் நடை. வாரம்தோறும் டேப் பிடித்து வயிற்றை அளந்து, சுவரில் வரைபடம் போட்டார். மூன்று மாதத்தில் அவர் ஆறு கிலோ இளைத்தார். வரைபடம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"யாரோ திருட்டுத்தனமா தீனி போடுறாங்க," என்றார், என்னைப் பார்த்தபடி.

எடை குறைய மருந்து கேட்பதற்காகக் கால்நடை டாக்டரை வரவழைத்தார். வந்த டாக்டர் ஓர் இளம்பெண். மகாராணியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். குனிந்து மடியைப் பார்த்தாள். சுவரில் இருந்த வரைபடத்தையும் பார்த்தாள்.

"சார், இது கொழுப்பு இல்ல, குட்டி. பத்து மாசம் இருக்கும். பதினொண்ணுல போட்டுடும்."

"அதெப்படி? நான் இன்னும் மாப்பிள்ளை வீட்டுக்கே போகலையே?"

"இங்க வர்றதுக்கு முன்னாடியே அது போயிட்டு வந்துடுச்சு போலிருக்கு சார்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் டாக்டர் போனதும் அவர் லாயத்துக்குள் போய், மகாராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பிள்ளைத்தாச்சியப் பட்டினி போட்டுட்டேனே" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஏற்பாடுகள் தொடங்கின. குட்டியின் மூக்கில் ஏறிவிடும் என்று தரையிலிருந்த மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டு வைக்கோல் பரப்பினார். தடுப்புச் சுவரை இடித்து லாயத்தை இரண்டு மடங்காக்கினார். துண்டுகள், கையுறை, தொப்புளில் தடவ அயோடின். வாசலில் ஒரு நாற்காலி போட்டு அதில் இருபது நாள் உட்கார்ந்தார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான்.

"குட்டி வெளிய வரும்போது நான் பக்கத்துல இருக்கணும்," என்றார். "அப்பதான் இவ என்னை மன்னிப்பா."

எங்கள் பெண் பிறந்தபோது அவர் ஆற்றின் நடுவில் இருந்தார். கான்கிரீட் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாதாம். எனக்கும்தான் பாதியில் நிறுத்த முடியவில்லை. பதினாறு மணி நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெற்றேன். நாலாம் நாள் கிலுகிலுப்பையோடு வந்தார். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. இருபத்தாறு வருஷம் கழித்து, குதிரைக்குத் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த முதுகுக்கு நான் மூன்று வேளையும் தட்டு கொண்டுபோனேன். குதிரைமேல் பொறாமைப்பட்டவள் என்று யாராவது என்னைச் சொன்னால் மறுக்க மாட்டேன்.

மகாராணி மட்டும் அசையவில்லை. "பார்த்துக்கிட்டே இருந்தா அடக்கிக்கும் சார். ஆள் நகர்ந்தாத்தான் போடும்," என்றாள் டாக்டர். அவர் நாற்காலியை இரண்டடி நகர்த்திப் போட்டார்.

இருபத்தோராம் நாள் காலை, அவர் கைபட்டு அயோடின் பாட்டில் உடைந்தது. மருந்துக்கடை கால் மணி நேர தூரம். "ஏதாவதுன்னா உடனே போன் பண்ணு," என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் மறைந்ததும் மகாராணி படுத்தாள். பனிக்குடம் உடைந்தது.

போனை எடுத்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன், வர ஒரு மணி நேரமாகும் என்றாள். அடுத்து அவர் எண். ரொம்ப தூரம் போயிருக்க மாட்டார், கூப்பிட்டால் திரும்பியிருப்பார். நான் கூப்பிடவில்லை. பதற்றமும் இல்லை, மறதியும் இல்லை, வேண்டுமென்றேதான். போனை ஜன்னலில் வைத்துவிட்டு வைக்கோலில் உட்கார்ந்தேன்.

வெள்ளைச் சவ்வுக்குள் முதலில் இரண்டு குளம்புகள், பிறகு மூக்கு. இருபது நிமிஷத்தில் குட்டி முழுதாக வெளியே கிடந்தது, எலும்பும் தோலுமாக. மூச்சு இல்லை. சவ்வைக் கிழித்து, துண்டால் மூக்கைத் துடைத்துத் துடைத்து, "விடு மூச்சை, விடுடா" என்று கத்தினேன். தும்மியது. அப்புறம் நான் அழுதேன்.

அவர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பொறந்துடுச்சா?"

"ம்."

நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"பாரு, நான் போற வரைக்கும் காத்திருந்து போட்டிருக்கா. பட்டினி போட்டவன் மூஞ்சியில முழிக்கக்கூடாதுன்னு."

பழியைக் குதிரைமேல் விட்டுவிட்டு நான் நல்லவளாக இருந்திருக்கலாம். வாயில்லாத ஜீவன், மறுத்துப் பேசவா போகிறது? ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவ ஒண்ணும் பண்ணல. நீங்க தெருமுனையில இருக்கும்போதே படுத்துட்டா. நான்தான் கூப்பிடல."

"போன் கிடைக்கலையா?"

"கிடைச்சுது. டாக்டரைக் கூப்பிட்டேன். உங்களைக் கூப்பிடல."

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். இருபத்தாறு வருஷமாகப் பதில் தயாராக இருந்தது. அவர் கேட்கவில்லை. எழுந்து வந்து, வைக்கோலில் என் பக்கத்தில் முழங்காலிட்டு, அயோடின் பாட்டிலைத் திறந்தார். ஏழு புத்தகம் படித்தவர், துண்டின் நுனியை அதில் நனைத்தார்.

"எங்க தடவணும்? நீ காட்டு," என்றார்.