சுடுபாலில் கலந்த மருந்து

"ஊசியைக் கழட்டச் சொல்லு, நான் வீட்டுக்குப்..."

"கழட்டினா நெஞ்சுல கட்டின சளி என்ன ஆகும்? டாக்டர் என்ன..."

"சளி என்னோடது. நான் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே! மூச்சு முட்டி ஆம்புலன்ஸ்ல வந்தது நானா?"

மனைவிக்குப் பதில் சொல்ல வாயெடுத்தவரை இருமல் அடக்கியது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நிமோனியா என்று படுக்கவைத்து, கையில் ஊசி செருகி, ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போன முறை ஆஸ்பத்திரியில் இதே மருந்து ஏறியபோது வயிறு பிய்த்துக்கொண்டு போயிற்று. கழிப்பறைக் கதவு எட்டும் தூரத்தில் இருந்தும், படுக்கையிலேயே ஆகிவிட்டது.

"இத்தனை வருஷம் வண்டி ஓட்டினேன். ஸ்டாப் இல்லாத இடத்துல ஒரு நாள் நிறுத்தினது உண்டா? இந்த மருந்து என்னை நடுரோட்டுல நிறுத்திடுச்சு."

"அதுக்குத்தானே இந்தத் தடவை கூடவே கேப்ஸ்யூல் கொடுத்திருக்காங்க. நல்ல கிருமியாம். வயித்துக்குக் காவலாம்."

"கிருமியைக் கொல்ல ஒரு மருந்து, கிருமியை ஏத்த ஒரு மருந்து. எனக்கா பைத்தியம்?"

பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்த முதல் நாளே மனைவி வேறு வழி கண்டுபிடித்திருந்தாள். அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். பிளாஸ்கிலிருந்து ஆவி பறக்கப் பாலை ஊற்றி, கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைக் கொட்டிக் கலக்கினாள்.

காலியான மருந்து பாட்டிலைக் கழற்ற வந்த நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா இது, கொதிக்கிற பால்லயா போடறீங்க? அதுல இருக்கிறது உயிருள்ள கிருமிம்மா. இந்தச் சூட்டுல செத்துடும்."

"தினமும் இப்படித்தானே கொடுத்தேன்..." டம்ளரை அவள் ஓரமாக வைத்தாள். "அப்போ ஒண்ணுகூட உசுரோட உள்ள போகலையா?"

"பயப்படாதீங்க, இன்னைக்கு ஆரம்பிக்கலாம். ஊசி மருந்து இப்பத்தான் ஏறி முடிஞ்சிருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சு சாதாரணத் தண்ணியில கொடுங்க. வயித்துப்போக்கைக் கட்டாயம் தடுக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா நிறைய பேருக்கு உதவுது."

நர்ஸ் போனதும் அவர் சிரித்தார். "திருடி! பால் இவ்வளவு அக்கறையா வருதேன்னு அப்பவே நினைச்சேன்."

"சிரிக்காதீங்க. நானே கெடுத்துட்டேன். இனிமே வயிறு போச்சுன்னா ஊசியைப் பிடுங்கிப் போட்டுடுவீங்க. பிடுங்கினா..." அவள் பிளாஸ்கை இறுக மூடினாள். "வயிறு போனாத்தான் போகட்டுமே. துணியை அலசிப் போட நான் இல்லையா?"

"அதைத்தான் வேண்டாங்கறேன்!"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வெயில் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து சேர்ந்தது. பால் ஏடு கட்டி ஆறியது.

"அந்தக் கிருமியை எடு," என்றார்.

அவள் அவசரமாகத் தண்ணீர் ஊற்றினாள். கேப்ஸ்யூல் தொண்டையில் தயங்கி இறங்கியது.

"ஊசி?"

"இருந்துட்டுப் போகட்டும்."

மோவாயில் வழிந்த தண்ணீரை அவள் முந்தானையால் துடைத்தாள். அந்தக் கையை அவர் விடவில்லை.

"போன தடவை பாத்ரூமுக்குள்ள குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதியே, எனக்குக் கேட்டுது. நாத்தம் தாங்காமயா, இல்ல நான் போயிடுவேன்னா?"