ராஜா என்றொரு ஃபைல்

"அய்யோ, தொடாதம்மா!"

சிட்டிபாபு போட்ட சத்தத்தில் ஞானஜோதி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னாமா நீ, பூஜைல கீற சாமானைப் போய் தொட்டுகினு! நாளைக்கு மறுபூஜை போட்டப்புறம்தான் கை வைக்கணும். முதலாளி பார்த்தார்னா ஒரே பேஜாரு."

பெருங்களத்தூரில் போல்ட், நட்டு செய்யும் சின்ன கம்பெனி அது. ஆயுத பூஜைக்காக லேத்துகளோடு கம்ப்யூட்டரையும் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சாமந்திப் பூ சொருகி வைத்திருந்தார்கள். கீ-போர்டில்கூட வரிசையாகச் சந்தனம், குங்குமம். சேலையூர் சர்ச் குடும்பத்துப் பெண்ணான ஞானஜோதிக்கு இந்த மறுபூஜை சமாச்சாரம் தெரியாது. போன வருஷம் பூஜை முடிந்த பிறகுதான் அவள் வேலைக்கே சேர்ந்தாள்.

"நாளைக்கு இதை யார் போடுவாங்க அண்ணா? நான்தானே?"

"நீயா? எல்லாம் முதலாளி கையாலதான். முதல்ல லேத்து, அப்பால கம்ப்யூட்டரு. மொத்த ஆளுங்களும் சுத்தி நிப்பாங்க."

ஞானஜோதி குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா... ராஜா?"

சிட்டிபாபுவின் முகமும் மாறியது. கம்பெனியில் ராஜாவைத் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு பட்டியல் உண்டு. சுவிட்சைப் போட்டதும் தானாக என்னென்ன ஓட வேண்டும் என்று அதில் வரிவரியாக எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் ஸ்டாக் புரோகிராமுக்கு முன்னால் ஏழாவது வரியாக 'ராஜா' என்றொரு ஃபைலைச் சேர்த்தவள் ஞானஜோதி. அது ஓடினால் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வரும்: 'பராக்! பராக்! ஃபேனை அணைக்கும் மகாராஜா வருகிறார். அனைவரும் வியர்க்கத் தொடங்கவும்!'

முதலாளி தோத்தாத்ரி கரண்டை மிச்சம் பிடிக்க, தினமும் ஒன்பது மணிக்கு அறை அறையாகப் போய் ஃபேனை நிறுத்துவார். ஏப்ரல் வெயிலில் வந்த கடுப்பில் அவள் எழுதியது. எட்டரைக்கு மெஷினைப் போட்டு, ஸ்டோர்கீப்பர் சிட்டிபாபுவோடு சிரித்துவிட்டு, அவர் வருவதற்குள் ஸ்டாக் புரோகிராமுக்குப் போய்விடுவாள். ஆறு மாதமாக இதுதான் நடக்கிறது.

அவளுடையது பதினொரு மாதத் தற்காலிக வேலை. இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் நிரந்தர ஆர்டரைக் கையில் தருவதாகத் தோத்தாத்ரி சொல்லியிருந்தார்.

"இப்பவே அழிச்சிடட்டுமா?"

"ரூம் சாவி அவர் இடுப்புலதான் கீது. தோ வராரு, பூட்டப் போறாரு. வெளிய வா."

வீட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டர் பாடத்து டாஸ் புத்தகத்தைப் புரட்டினாள். வழி இருந்தது. மெஷின் கிளம்பும்போது இரண்டு விநாடி நிற்கும். அந்த நேரத்தில் F5 பொத்தானை அமுக்கினால் பட்டியல் முழுவதையும் தாண்டிப் போய்விடும். இரண்டே விநாடி. ஜெபத்தின்போது அம்மா ஆமென் சொன்ன பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் பத்தே காலுக்கு மறுபூஜை. தோத்தாத்ரி பட்டு வேட்டியில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஞானஜோதி. பின்னால் பதினைந்து ஆட்கள். அவர்களுக்கு முன்னால், கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் தரும் ஆபீசர் சம்பந்தம். மேஜையில், அவள் பெயர் எழுதி, குங்குமம் தடவிய ஒரு நீளக் கவர்.

தோத்தாத்ரி சுவிட்சைப் போட்டார். திரையில் எண்கள் ஓடின. ஞானஜோதி பூவைத் தள்ளுகிற மாதிரி கையை நீட்டினாள். மேல்வரிசைப் பொத்தான்கள் மேல் சந்தனம் காய்ந்து கிடந்தது. எது எந்த எண் என்று தெரியவில்லை. நடுக்கூட்டத்தில் நான்கு பொத்தான். ஓரத்தில் இருந்ததை அமுக்கினாள்.

F5 இருந்தது இடது ஓரத்தில். அவள் அமுக்கியது வலது ஓரம், F8.

பட்டியல் தாண்டவில்லை. முதல் வரியைக் காட்டி, ஓட்டட்டுமா, Y-யா N-ஆ என்று கேட்டு நின்றது.

"என்னம்மா கேக்கறது இது?"

"ஒவ்வொண்ணா ஓட்டலாமா வேண்டாமான்னு கேட்குது சார். நான் பார்த்துக்கறேன், நீங்க..."

"நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு சொல்லப்படாது. எல்லாத்துக்கும் Y!"

அவரே ஒற்றை விரலால் அமுக்கினார். Y. அடுத்த வரி. Y. மூன்று, நான்கு. சிட்டிபாபு மெல்லப் பின்வாங்கிக் கதவருகே போய்விட்டான். ஐந்து. ஆறு.

திரையில் 'ராஜா' வந்து நின்றது.

"அட, ராஜான்னு பேர் வெச்சிருக்காளா!" தோத்தாத்ரி திரும்பினார். "சம்பந்தம் சார், முன்னாடி வந்து பாருங்கோ. எங்க பொண்ணு தானே எழுதின புரோகிராம். வெளியிலேர்ந்து ஒருத்தனைக் கூப்பிடலை, தெரியுமோ?"

சம்பந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அதுவரை ஞானஜோதி தன் வேலையை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தாள். இப்போது அந்த மனிதரின் பெருமை பொங்கும் முகத்தைப் பார்த்தாள். விரல் Y மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"சார்." அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "N போடுங்க சார். அது உங்களைக் கிண்டல் பண்ணி நான் எழுதினது."

விரல் அந்தரத்தில் நின்றது.

"என்ன சார், ராஜா வர மாட்டேங்கறாரா?" என்றார் சம்பந்தம்.

தோத்தாத்ரி அவளைப் பார்க்கவில்லை. N-ஐ அமுக்கினார். "அதுக்கு நாழியாகும் சார். நீங்க வாங்கோ, சுண்டல் ஆறிடும்."

எல்லோரும் போனார்கள். அவர் மட்டும் திரும்பி வந்து கதவைச் சாத்தினார். கவர் அவர் கையில் இருந்தது.

"ஓட்டு."

ஓட்டினாள். அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எத்தனை நாளா?"

"ஏப்ரல்லேர்ந்து சார்."

"யார் யார் பார்த்தா?"

"நானும்... இன்னொருத்தரும். எழுதினது நான்தான் சார்."

"அந்த இன்னொருத்தன்தான் பின்னால நழுவினானாக்கும்." கவரை மேஜை மேல் வைத்தார். "அந்த வரியை எடு. திரும்ப நான் சுவிட்ச் போடுவேன். ஒண்ணும் குறுக்கே வரப்படாது."

பட்டியலைத் திறந்தாள். அவசரத்தில் ஸ்டாக் புரோகிராம் இருந்த எட்டாவது வரியில் போய் நின்றாள். மேலே ஏற்றி, ஏழாவதை அழித்துப் பதிவு செய்தாள். அவர் சுவிட்சை அணைத்துப் போட்டார். எண்கள் ஓடின. திரை ஒரு கணம் கறுத்துக் கிடந்தது. நேராக ஸ்டாக் புரோகிராம் வந்தது.

"எடுத்துக்கோ" என்று கவரைக் காட்டினார் தோத்தாத்ரி. கதவு வரை போனவர் நின்றார்.

"மகாராஜான்னு போட்டியே, அது வரைக்கும் சரி."

கதவு சாத்திக்கொண்டது. ஞானஜோதி கவரைப் பிரித்தாள். உள்ளே நிரந்தர ஆர்டர் இருந்தது.