பி பிரிவுக்கு விடுமுறை

8 + 4 = □ + 5 என்று கரும்பலகையில் எழுதிவிட்டுக் கஸ்தூரி திரும்பியதும், மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவு மொத்தமும் ஒரே குரலில் "பன்னண்டு!" என்று கத்தியது.

"கட்டத்துல பன்னண்டு போட்டா, அந்தப் பக்கம் பன்னண்டும் அஞ்சும் எவ்ளோ ஆகும்?"

"பதினேழு."

"இந்தப் பக்கம்?"

"பன்னண்டு."

"அப்ப ரெண்டு பக்கமும் சமமா?"

சமக்குறியைப் பார்த்தால் உடனே கூட்டி விடையை எழுதிவிட வேண்டும் என்றுதான் ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொன்னதே இல்லை. கஸ்தூரிக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. தானும் ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்வரை அப்படியே நினைத்திருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

திருமழிசை தொழிற்பேட்டையை ஒட்டி, நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்த உதவி பெறும் பள்ளி. கஸ்தூரி காட்டுப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். மூன்றாம் வகுப்பில் இரண்டு பிரிவு. 'ஏ' பிரிவில் தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் சூப்பர்வைசர், கணக்கர் வீட்டுப் பிள்ளைகள். 'பி' பிரிவில் காலனிப் பிள்ளைகள். தொழிற்பேட்டை வருவதற்கு முன் அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இப்போது அதே இடத்தில் அப்பாக்கள் மூட்டை ஏற்றினார்கள், அம்மாக்கள் பட்டறை பெருக்கினார்கள். மார்க்கைப் பார்த்துத்தான் பிரித்தோம் என்பார் தலைமை ஆசிரியர் இராமகிருஷ்ணன். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே பிரித்துவிட்ட பிள்ளைகளுக்கு ஏது மார்க் என்று கஸ்தூரி கேட்டதில்லை. அவளுடைய நியமனத்துக்குக் கல்வித்துறையின் ஒப்புதல் இன்னும் வராத நேரம் அது. இரண்டு வருடமாக அந்தக் கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட இராமகிருஷ்ணன் சாரைத் தவிர அவளுக்கு வேறு ஆளில்லை.

பாடத்தை அவள் எண் வரிசையிலிருந்துதான் தொடங்கியிருந்தாள். கொசு மருந்து அடிக்க வந்தவர்கள் காலனிக் கதவுகளில் தாரால் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. அதையே பலகையில் எழுதினாள்: 11, 13, □, 17.

"பதினஞ்சு டீச்சர்," என்று எழுந்தாள் வடிவு. "அந்த ஊடு மழைல உயுந்துட்ச்சி. அதான் நம்பர் காணோம்."

வகுப்பு சிரித்தது. கஸ்தூரியும் சிரித்தாள். ஆனால் வடிவு அதோடு நிற்கவில்லை. மறுநாள் தானாகவே சிலேட்டில் 1, 2, 4, 7, □ என்று எழுதிக்கொண்டு வந்து, "நீ சொல்லு டீச்சர்" என்று நீட்டினாள். ஒன்று கூட்டு, பிறகு இரண்டு கூட்டு, பிறகு மூன்று கூட்டு. கஸ்தூரி "பதினொண்ணு" என்றதும், எதிர்பார்த்தது போலத் தலையாட்டிவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். டீச்சருக்கே கணக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றிய குழந்தையைக் கஸ்தூரி அதுவரை பார்த்ததில்லை.

வடிவின் அம்மா பொன்னியம்மா பஸ் நிறுத்தத்தில் காய்கறி விற்பவள். அவளிடம் கேட்டுத்தான் தராசு வாங்கி வந்தாள் கஸ்தூரி. ஒரே அளவுக் கோலிக்குண்டுகளைப் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். ஒரு தட்டில் எட்டும் நாலும். மறு தட்டில் ஐந்து. தட்டு சமத்துக்கு வர இன்னும் எத்தனை போட வேண்டும்? ஒவ்வொன்றாகப் போட்டு, முள் நடுவில் நின்றபோது வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள், தராசு இல்லாமலே கணக்குப் போட அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 6 + □ = 9 + 4 என்று எழுதினால், கூட்டிப் பார்க்காமலே, "ஆறு ஒம்போதவிட மூணு கம்மி, அப்ப கட்டம் நாலவிட மூணு ஜாஸ்தி, ஏழு" என்று வடிவு சொன்னாள். அப்படி ஒரு குறுக்குவழியைக் கஸ்தூரி சொல்லித் தந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அந்த வகுப்புக்குள் தலையை நீட்டினார். கால் மணி நேரம் நின்று பார்த்தார். தராசு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"சுத்துப்பட்டு டீச்சர்ஸ் எல்லாரையும் வரவழைச்சு ஒரு மாதிரி வகுப்பு நடத்திடலாம் சார்," என்றார் இராமகிருஷ்ணனிடம். "அடுத்த வாரமே வைங்க. நானே வரேன்."

கஸ்தூரிக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்று மாலையே வடிவைக் கூப்பிட்டு, "அன்னிக்கு நீதான் போர்டுல வந்து செஞ்சு காட்டப் போற" என்றாள்.

மறுநாள் காலை இராமகிருஷ்ணன் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"மாதிரி வகுப்பு 'ஏ' பிரிவுக்கு எடுத்துடுங்கம்மா."

"சார், நான் சொல்லிக் கொடுத்தது 'பி' பிரிவுக்கு. 'ஏ' பசங்களுக்கு இது தெரியாது."

"ஒரு வாரம் இருக்கே, சொல்லிக் கொடுங்க."

"ஒரு வாரத்துல விடையத்தான் மனப்பாடம் பண்ணுவாங்க சார். புரியறதுக்கு நாளாகும்."

"விடை வந்தா போதும். வரப்போறது வெளியாளுங்க. உங்க பசங்கள்ல பாதிப் பேருக்குச் சட்டைல பட்டன் இல்ல. ஊடு, கீதுன்னு பேசுவாங்க. ஸ்கூல் பேரு என்னாகும்?" குரலை உயர்த்தாமல்தான் பேசினார். பிறகு மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடி வைத்தார். "உங்க அப்ரூவல் விஷயமா அந்த அதிகாரிகிட்டதான் பேசலாம்னு இருக்கேன். நல்ல நேரத்துல வராரு. பாத்துக்குங்க."

கஸ்தூரி "சரி சார்" என்றாள். வாசல்வரை போனவளை அவர் மறுபடி கூப்பிட்டார்.

"அன்னிக்கு 'பி' பிரிவுக்கு லீவுன்னு சொல்லிடுங்க."

வகுப்பில் போய் அதையும் சொன்னாள். மற்ற பிள்ளைகள் ஓவென்று கத்தி மகிழ்ந்தார்கள். வடிவு மட்டும் எழுந்து நின்று, "நானும் வரக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டாள். "நீயும்தான்" என்று சொல்லிவிட்டுக் கஸ்தூரி தமிழ்ப் புத்தகத்தை எடுக்கச் சொன்னாள்.

'ஏ' பிரிவில் அவள் முயன்று பார்க்காமலில்லை. முதல் இரண்டு நாள் கோலிக்குண்டு வைத்து விளக்கினாள். ஜேம்ஸ் என்ற பையன் கெட்டிக்காரன். "மிஸ், ஆன்ஸர் மட்டும் சொல்லுங்க, நான் படிச்சிட்டு வந்துடறேன்" என்றான். மூன்றாம் நாள் இராமகிருஷ்ணன் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. கேட்கப் போகும் கணக்குகளை வரிசையாக எழுதிப் போட்டு, விடைகளைச் சேர்ந்து சொல்ல வைத்தாள்.

தராசு மட்டும் வேண்டியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் பொன்னியம்மாவிடம் கேட்டாள்.

"அதுக்கின்னா டீச்சர், எடுத்துக்க. அன்னிக்கு ஒரு வேள நான் கூறு கட்டி வித்துக்கறேன்," என்றாள் பொன்னியம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்தப் பொண்ணு அன்னிக்கு போர்டாண்ட நிக்கப் போறேன்னு சொல்லிகினு கீது. லீவுன்னும் சொல்லுது. ஒண்ணும் புரியல. வரணுமா, வாணாமா?"

"அது... பெரிய ஆளுங்க வராங்கம்மா. எல்லாரையும் உக்கார வைக்க இடம் பத்தாது. அதான்."

"அப்டியா? செரி. இத்த மட்டும் அவகிட்ட குட்த்து அனுப்பறேன்."

அன்று காலை வடிவு தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பாவாடை துவைத்துத் தேய்த்திருந்தது. எண்ணெய் வைத்து இழுத்துச் சடை பின்னியதில் நெற்றி பளபளத்தது. இராமகிருஷ்ணன் கேட் அருகே நின்று விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தார். தராசை வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்தார். "நீ வீட்டுக்குப் போம்மா" என்றார். வடிவு அவரைத் தாண்டி வராந்தாவைப் பார்த்தாள். அங்கே நின்றிருந்த கஸ்தூரி, சாக்பீஸ் எடுப்பவள் போல உள்ளே போனாள்.

வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் கோலிக்குண்டுகளைத் தட்டில் போட்டான். முள் நடுவில் நின்றது. பலகையில் கணக்கு வந்த மாத்திரத்தில் கைகள் உயர்ந்தன. விடைகள் தங்குதடையில்லாமல் வந்தன. அதிகாரி முகம் மலர்ந்து எழுந்தார்.

"நானும் ஒண்ணு கேக்கறேன்," என்று பலகையிலிருந்த 8 + 4 = □ + 5 என்ற கணக்கில் நாலை மட்டும் அழித்து ஆறு என்று எழுதினார். "எங்க, நீ சொல்லு பாக்கலாம்."

ஜேம்ஸ் எழுந்தான். ஒரு கணம் கஸ்தூரியைப் பார்த்தான். எட்டும் ஆறும் கூட்டுவது அவனுக்குச் சிரமமே இல்லை.

"ஃபோர்டீன் சார்!"

"வெரி குட்!" என்று கைதட்டினார் அதிகாரி.

சுவரோரம் இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வாயைத் திறந்து, பிறகு இருமினார். இராமகிருஷ்ணன் பலமாகக் கைதட்டினார். அதன் பிறகு எல்லோரும் தட்டினார்கள். கட்டத்துக்குள் பதினான்கு என்று அதிகாரியே அழகான கையெழுத்தில் எழுதினார். கஸ்தூரி பலகையின் பக்கத்தில் நின்று புன்னகை செய்தாள். ஒன்பது, ஒன்பது என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிவிட ஒரு வார்த்தைதான் தேவை. டீ வந்தது, பிஸ்கட் வந்தது, அந்த நேரம் போய்விட்டது.

மறுநாள் 'பி' பிரிவில் வருகைப் பதிவு முடிந்ததும் வடிவு எழுந்தாள்.

"டீச்சர், நேத்து அந்தப் பையன் பதினாலுன்னான். தப்பு தானே? ஒம்போது தானே வரும்?"

கஸ்தூரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"தராசு வாங்கினு போலாம்னு ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தேன். அந்த சாரு கை தட்னாரே, ஏன் டீச்சர்?"

வகுப்பு முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆமாம், தப்புதான் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கப் பரவும். அங்கிருந்து இராமகிருஷ்ணனின் காதுக்கு வர எவ்வளவு நேரமாகும்? கோப்பு இன்னும் அந்த அதிகாரியின் மேசையில்தான் இருந்தது.

"அது வேற கணக்கு," என்றாள் கஸ்தூரி.

"அதே கணக்குதான் டீச்சர். நாலு இருந்த எட்த்துல ஆறு..."

"வேற கணக்குன்னு சொன்னேன்ல? உக்காரு."

வடிவு உட்கார்ந்தாள். நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பொய் சொல்வார் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. வேறு கணக்கு என்று ஒன்று இருக்கிறது, தனக்குத்தான் அதைச் சொல்லித் தரவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த நாள் கஸ்தூரி பலகையில் கணக்கை எழுதி முடித்ததும், அவள் கையைத் தூக்கி, கொஞ்சமும் குறும்பில்லாமல் கேட்டாள்:

"டீச்சர், இது நம்ப கணக்கா, அவங்க கணக்கா?"

பக்கத்திலிருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். பின்னாலிருந்து ஒரு பையன், "நம்ப கணக்குன்னா ஒம்போது, அவங்க கணக்குன்னா பதினாலு!" என்றான். மொத்த வகுப்பும் சிரித்தது. கஸ்தூரி நாலு எட்டில் போய் வடிவின் கன்னத்தில் அறைந்தாள்.

அதுவரை அவள் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. சிரிப்பு சட்டென்று நின்றது. வடிவு அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று தேடுகிறவள் போலத் தன் சிலேட்டைப் பார்த்தாள்.

சாயங்காலம் பொன்னியம்மா பள்ளி வாசலில் நின்றாள். தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்ட கஸ்தூரி நடையைக் குறைத்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள், நாலு பேர் முன்னால் கேட்கப் போகிறாள் என்று நினைத்தாள். கேட்கட்டும் என்றும் ஒரு பக்கம் தோன்றியது. அவள் கேட்டால், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

"டீச்சரம்மா, தப்பா நென்ச்சிக்காத," என்றாள் பொன்னியம்மா. "அதுக்கு வாய் ஜாஸ்தி. அவங்கப்பன் மாதிரி. உன்னிய எதுத்துப் பேசிட்ச்சாமே? நானும் நாலு சாத்து சாத்திட்டேன். படிக்கிற எட்த்துல வாய மூடிகினு இருக்கணும்னு சொல்லி வச்சிகீறேன். இனிமே பேசாது."

"இல்லம்மா, அவ ஒண்ணும்..."

"இந்தா, பிஞ்சு கத்திரிக்கா. இப்பத்தான் மூட்ட பிரிச்சேன்." கஸ்தூரியின் பையைத் தானே இழுத்துப் பிரித்துக் காயைக் கொட்டினாள். "நீ நல்லாருக்கணும் டீச்சர். எங்க புள்ளைங்களுக்குலாம் இவ்ளோ சொல்லித் தர யாரு கீறா?"

பூந்தமல்லி பஸ் வந்தது. கஸ்தூரி ஏறிக்கொண்டாள். அன்று இரவு கத்திரிக்காயைக் குழம்பு வைத்தாள். நல்லாயிருக்கு என்று கணவர் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார். அவள் மோர் மட்டும் ஊற்றிக்கொண்டாள். மறுநாள் வடிவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். மறுநாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. சொல்லாத நாட்கள் கூடக் கூட, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஆகிவிட்டது.

பொங்கலுக்குப் பிறகு நியமன ஒப்புதல் வந்தது. இராமகிருஷ்ணன் லட்டு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது கஸ்தூரிக்கு 'ஏ' பிரிவு தரப்பட்டது. அங்கே பிள்ளைகள் வீட்டிலேயே படித்துவிட்டு வந்தார்கள். வேலை சுலபமாக இருந்தது.

வடிவு நாலாம் வகுப்பு 'பி' பிரிவுக்குப் போனாள். அந்த வகுப்பாசிரியை பஞ்சவர்ணம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "உங்க கிளாஸ்லேர்ந்து வந்ததுங்கள்ல அந்த வடிவு ரொம்ப நல்ல பொண்ணு கஸ்தூரி," என்றாள். "இருக்கற இடமே தெரியல. கணக்குதான் சுமாரா போடுது. போர்டுல எழுதினதும் நம்ம மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கும். என்ன எழுதச் சொல்றோமோ, அத எழுதும். எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது."

"ஆமா, அமைதியான பொண்ணுதான்," என்றாள் கஸ்தூரி. ஊறுகாய்ப் பாட்டிலைப் பஞ்சவர்ணத்தின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.