சகாயசெல்வியின் நாலு பாத்தி

உலகத்தில் வடியாத மண் என்று ஒன்று கிடையாது. வடிக்கத் தெரியாத மனிதர்கள்தான் உண்டு. மரக்காணம் டீக்கடையில் ஜெயசீலன் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. நிதானமாகச் சொன்னான். டீயை ஒரு வாய் குடித்தான். பிறகு, கேட்காதவர்கள் வசதிக்காக இன்னொரு தடவையும் சொன்னான்.

சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. அமெரிக்காவின் வடகோடியில் இரண்டு வருஷம் மண்ணை மட்டுமே படித்துவிட்டு மார்கழியில்தான் ஊர் திரும்பியிருந்தான். அங்கே பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மலை உயரப் பனிக்கட்டி உருகிக் கடல் போன்ற ஏரியாகத் தேங்கி நின்றதாம். பிறகு ஏரியும் போய்விட்டது. அதன் அடிவண்டல் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் தோசைக்கல் மாதிரித் தட்டையாகக் கிடக்கிறது. மாவு போன்ற களிமண். மழை பெய்தால் தண்ணீர் கீழேயும் இறங்காது, பக்கத்திலும் ஓடாது. அந்த ஊர் விவசாயிகள் மண்ணுக்கு அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, தண்ணீரை வாய்க்காலுக்கு வடித்துவிட்டு, சோயா விளைவிக்கிறார்கள். அந்தக் குழாயைப் பற்றி ஜெயசீலன் நூற்று நாற்பது பக்கம் எழுதிப் பட்டம் வாங்கினான்.

"அவ்ளோ தூரம் பிளேன்ல போயி, சேத்துலதான் நின்னியா?" என்று கேட்டாள் பாப்பாத்தி.

பாப்பாத்தி உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் கூட்டத்துக்குத் தலைவி. மழைக்காலம் முடிந்ததும் பாத்தியில் நிற்கும் தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்துவிட்டு, எட்டு பேர் வரிசையாக இறங்குவார்கள். முன்னால் போகிறவர் தோளில் பின்னால் வருகிறவர் கை. முன்னவர் தடத்தின் பாதியில் பின்னவர் கால் விழ வேண்டும். வரப்போரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுப்பாத்தி வரைக்கும் வந்து, மறுபடி வரப்போரத்திலிருந்து தொடங்குவார்கள். ஒரு பாத்திக்கு நாலைந்து நாள் இப்படி.

ஜெயசீலன் வரப்பில் நின்று அதைப் பார்த்தான். "கல்யாண ஊர்வலம் மாதிரி போறீங்கக்கா. பேண்டு வாத்தியம் ஒண்ணுதான் குறைச்சல்" என்றான்.

"நீ வந்து ஊது."

"காலுக்கு வேலையில்லாதவங்க கண்டுபிடிச்ச வேலை இது. மண்ணுக்கு ஒரு வியாதி இருக்குது, தண்ணி இறங்கல. அதுக்கு வைத்தியம் பாக்காம நீங்க வியாதிக்கே சோறு ஊட்டுறீங்க."

வரிசையின் கடைசியில் வந்த சின்னப்பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாப்பாத்தி திரும்பிப் பார்க்கவில்லை. "கால பாத்து வையிடி" என்றாள்.

அந்தத் தையில்தான் அவன் அக்கா சகாயசெல்விக்கு நாலு பாத்தி கிடைத்தது. பதினோரு வருஷம் பிறத்தியார் பாத்தியில் கூலிக்கு உப்பு வாரியவள். பாத்தி பிரித்துக் கொடுக்கும் உப்பளச் சங்கத்தில் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்து, இப்போதுதான் முறை வந்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. மாசி முடிவதற்குள் முதல் உப்பு எடுத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாத்தி அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர்க்காரர் தினமும் மாலையில் சைக்கிளில் வந்து, வரப்பில் காலூன்றி நின்று, பாத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் பேசமாட்டார்.

பாத்தியிலோ முழங்கால் அளவு மழைத்தண்ணீர். இறைக்க ஆள் இல்லை. பாப்பாத்தி கூட்டத்துக்கு மாசி பாதி வரைக்கும் வேறு இடங்களில் வேலை.

"டேய் சீலா, எதுனா பண்ண முடியுமாடா?" என்று அக்கா கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகவே ஜெயசீலன் பிறந்திருந்தான். பம்புசெட் மெக்கானிக் கண்ணாயிரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு பாத்திக்கும் குறுக்கே இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, ஓட்டைக் குழாயை வைத்து, மேலே ஜல்லியும் மணலும் போட்டு, குழாயின் வாயைக் கழுவெளி ஏரிப் பக்கம் போகும் ஓடையில் விட்டார்கள். தண்ணீர் கொடகொடவென்று போனது. இரண்டாம் நாள் நாலு பாத்தியும் காய்ந்து வெடித்திருந்தன. உப்பளமே வந்து பார்த்தது. சங்கத்துச் செயலாளர் தட்சணாமூர்த்தி செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். சைக்கிள்காரர் அன்றைக்குக் காலூன்றாமலே போய்விட்டார்.

"வியாதி குணமாயிடுச்சு" என்றான் ஜெயசீலன். குழாயின் வாய்களுக்கு நாலு மூடி வாங்கி, திருகி இறுக்கினான். மிதிப்பதற்கு அவசியமே இல்லை என்று அக்காவுக்கு விளக்கினான். படத்தோடு விளக்கினான்.

மாசி ஐந்தாம் தேதி மோட்டார் போட்டுப் பாத்திகளில் உப்புத் தண்ணீர் பாய்ச்சினார்கள். கணுக்கால் அளவு நின்றது. வெயிலும் நன்றாக இருந்தது. மறுநாள் விடியலில் போய்ப் பார்த்தபோது பாத்தி ஈரமாக இருந்தது. அவ்வளவுதான்.

"தண்ணி எங்கடா?"

"ஆவியாயிருக்கும்க்கா."

"ஒரே ராத்திரியிலயா?"

"காத்து ஜாஸ்தி."

"பக்கத்துப் பாத்திக்கு மட்டும் காத்து லீவா?"

மறுபடி பாய்ச்சினார்கள். மறுபடி போனது. மூன்றாம் தடவை ஜெயசீலன் ஒரு குச்சியை நட்டு, பக்கத்திலேயே குந்தி, மணிக்கு ஒரு தரம் அளந்தான். நூற்று நாற்பது பக்கமும் அவன் மண்டைக்குள் ஒவ்வொன்றாகப் புரண்டன. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீருக்கு மூடி தேவைப்படவில்லை. பள்ளம் வெட்டிய நாலு கோட்டிலும் மேல்களி கிழிந்து ஜல்லியும் மணலுமாக வாய் திறந்து கிடந்தது, களிக்குக் கீழே முழுக்கக் கடல்மணல். தண்ணீர் அதன் வழியாகத் தன் பாட்டுக்குப் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வடிகால் என்ற முறையில் பார்த்தால் மிகச் சிறந்த வேலை. அவனுடைய அமெரிக்கப் பேராசிரியர் பார்த்திருந்தால் கை குலுக்கியிருப்பார்.

சகாயசெல்வி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "வடிஞ்சிட்டா அது இன்னாத்துக்குடா உப்பளம்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். "வடியாத மண்ணுன்னுதானடா இந்த ஊர்க்காரங்க கடலோரத்துல வந்து ஒக்காந்தாங்க."

இதற்குப் பதிலாக ஜெயசீலனிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. மூன்றும் அமெரிக்காவுக்குப் பொருந்துபவை.

அன்று மாலைக்குள் குழாயையும் ஜல்லியையும் பிடுங்கி எடுத்தான். இரண்டு நாள் ஓடைக்கரையிலிருந்து களிமண் சுமந்து பள்ளங்களை அடைத்தான். அக்கா விடியலில் கூலிக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் தனியாக மிதித்தாள். ஒருத்தி கால் நாலு பாத்திக்கு எந்த மூலைக்கு? மாசி முடிய இன்னும் இருபது நாள் இருந்தது. பாப்பாத்தியிடம் போய்க் கேட்கலாம்தான். ஊர்வலம், பேண்டு வாத்தியம் எல்லாம் அவனுக்கு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது.

ஆகவே அவன் மத்தியான நேரத்தைத் தேர்ந்தெடுத்தான். உப்பளத்தில் வேலை விடியற்காலம் தொடங்கி பத்து பத்தரைக்கு முடிந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு வெள்ளை வெயிலில் காக்காகூட இருக்காது. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி மிதித்தான். யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. உப்பளத்தில் மறைவென்று ஒரு முள்செடிகூடக் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற புதுச்சேரி பஸ் அத்தனையிலும் ஜன்னலோரம் ஆள் உட்கார்ந்திருக்கும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில், "இன்னா தம்பி, கால் இப்டி வெடிச்சிருக்குது?" என்று கேட்டார்கள்.

"தவக்காலம்" என்றான். "செருப்பு போடறதில்ல."

நல்ல பதில்தான். கடையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்று அதிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

நாலாம் நாள் மத்தியானம் அவன் பாத்தியில் இருக்கும்போது வரப்பில் பாப்பாத்தி வந்து நின்றாள். பின்னால் ஏழு பேர். அவன் நின்றுவிட்டான். அவள் பாத்தியைப் பார்த்தாள். இறங்கி, குதிகாலை ஓரிடத்தில் அழுத்தி எடுத்தாள். குழியில் தண்ணீர் ஊறியது. வேறோர் இடத்திலும் அழுத்தினாள். அங்கேயும் ஊறியது.

"இன்னும் இறுகல. மாடு மேஞ்ச மாதிரி இருக்குது" என்றாள்.

ஜெயசீலன் குனிந்து, மடித்த பேண்ட்டை இன்னொரு சுற்று ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"எங்களுக்குக் காலைல வேற எடம். மத்தியானம்னா வர்றோம். ஒங்கக்காவுக்காவ."

"சரிக்கா."

"இந்த வெயில்ல மிதிக்கிற மொத ஆளு நீதான். லூசுன்னு நெனச்சிக்கினு பஸ்ல போறவன்லாம் எட்டிப் பாக்கறான்."

"சரிக்கா."

"நீ கடைசியில நில்லு. நடுவுல வந்தன்னா வரிச கெட்டுடும்."

அவன் சின்னப்பாப்பாவுக்குப் பின்னால் போய் நின்றான். அவள் தோளில் கை வைக்கலாமா என்று தயங்கினான். "வையிண்ணா, ஒண்ணும் ஆவாது. பேண்டு வாத்தியம் சாயந்தரம் வருது" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே.

மாசி இருபத்தொன்றாம் தேதி முதல் பாத்தியில் உப்புத் தண்ணீர் விடியும்வரை நின்றது. இருபத்து மூன்றாம் தேதி இரண்டாவதும் மூன்றாவதும். இருபத்தெட்டாம் தேதி மூன்று பாத்தியிலும் மேலே மெல்லிய ஏடு கட்டி, பிறகு ஏடு உடைந்து அடியில் உப்புப் பரல் இறங்கியது. நாலாவது பாத்தியில்தான் வேலை பாக்கி. அதில் பள்ளம் கோணலாக வெட்டப்பட்டிருந்தது.

மாசி கடைசி நாள் மத்தியானம் தட்சணாமூர்த்தி நோட்டும் கையுமாக வந்தார். கூடவே சைக்கிள்காரரும் வந்திருந்தார். சகாயசெல்வி உப்பு வாரும் பலகையை எடுத்து முதல் பாத்தியில் ஒரு தரம் இழுத்து, வரப்போரம் ஒரு முறம் அளவுக்குக் குவித்தாள். செயலாளர் ஒரு பரலை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். அவரிடம் வேறு சோதனை கிடையாது. பிறகு நோட்டைத் தொடையில் வைத்துச் சகாயசெல்வி என்று எழுதி, அடியில் கோடு போட்டார். சைக்கிள்காரரும் ஒரு பரல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்ல உப்பு" என்றார். அவர் பேசி அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மா ஒன் தம்பி?" என்று தட்சணாமூர்த்தி சுற்றிலும் பார்த்தார். "நா எடுத்த படத்த பாத்துட்டு, அந்தக் குழாய் மேட்டர சங்கத்துல எல்லாருக்கும் சொல்லணும்னு கேட்டாங்க. அவரையே பேசச் சொல்லலாம்னு வந்தேன். தம்பி... ஜெயசீலன்..."

நாலாவது பாத்தியில் ஒன்பது பேர் வரிசை வரப்போரமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் தலையில் துண்டு கட்டியிருந்தான். கூப்பிட்டது அவன் காதில் நன்றாகவே விழுந்தது. தலையை நிமிர்த்தினால் பார்வை போகும். பார்வை போனால் கால் தள்ளி விழும். தள்ளி விழுந்த இடத்தில் நாளைக்குத் தண்ணீர் இறங்கும். சின்னப்பாப்பாவின் தடத்தில் பாதியைப் பார்த்து இடது காலை வைத்தான். பாரத்தை முழுக்க இறக்கினான். பிறகு வலது காலை எடுத்தான்.